வாசித்தவளே பயன் சொன்னாள்

வட்டக்கச்சியில் எங்களுக்குக் காணி கிடைத்த காலம். கோயிலில் புராணம் படிக்கும்போது எங்கள் அப்பா, நாங்கள் ஐயா என்று கூப்பிடுகிறவர், பாட்டை இழுத்துப் பாடுவார்; பக்கத்திலிருந்து பெரியப்பா பயன் சொல்லுவார், அதாவது பொருள் விளக்குவார். பாடுகிறவருக்குப் பொருளைப் பற்றிக் கவலையில்லை. வாசிப்பென்றால் இரண்டு பேர் செய்கிற வேலை என்றே நானும் அக்காவும் நம்பியிருந்தோம்.

பள்ளிக்கூடத்திலும் அக்கா மணிபோல வாசிப்பாள்; பயன் என்னுடையது. ஒரு வகுப்பில் தங்கியதால் என்னோடு ஒரே வாங்குப் பலகையில் இருந்தாள். "இந்தமுறையும் வகுப்பேறாட்டில் வயலுக்கு வரட்டும்" என்று ஐயா சொல்லிவிட்டார். ஐயா சொன்னால் சொன்னதுதான்.

புதிதாக வந்த ரீச்சர் எங்கள் ஏற்பாட்டைக் குழப்பினார்.

"வாசிச்ச ஆள்தான் பயனும் சொல்லவேணும். புத்தகத்தை மூடு. ஆர், என்ன செய்தது, ஏன் செய்தது? உன்ர வாயாலை சொல்லு."

"அது தங்கச்சியின்ர வேலை, ரீச்சர்."

வகுப்பே சிரித்தது.

அம்மா குளிர்காய்ச்சலில் பாயோடு கிடந்தா. கோழி கூவமுதல் எழும்பித் தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டி, வயலுக்குச் சோறு கொடுத்தனுப்பிவிட்டுத்தான் அக்கா பள்ளிக்கு வருவாள். புத்தகத்தை மூடச் சொன்னால் கண்ணையும் சேர்த்து மூடிவிடுவாள்.

சோதனையன்று வந்த பாடம், உழும்போது வயலில் படுத்துவிட்ட மாட்டின் கதை. அக்கா வாசித்து முடித்தாள், புத்தகத்தை மூடினாள்.

"சோம்பல் மாடு எண்டு சொல்லடி," என்று கிசுகிசுத்தேன்.

"அது சோம்பல் மாடில்லை, ரீச்சர். அதுக்குக் களைச்சு ஏலாமப் போட்டுது."

"எதை வைச்சுச் சொல்லுறாய்?"

"விடியமுன்னம் ஏரிலை பூட்டினது எண்டு முதல் வரியிலை கிடக்கு. தண்ணி காட்டினது எண்டு ஓரிடத்திலையும் இல்லை."

ரீச்சர் புத்தகத்தைத் திறந்து முதல் வரியைப் பார்த்தார். பிறகு, "நீ வகுப்பேறிட்டாய், பிள்ளை. இரு," என்றார்.

பின்னேரம் ஐயாவிடம் சொன்னோம். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "ஓம், படிக்கட்டும். காலமை வேலையை முடிச்சிட்டுப் போகட்டும்," என்றார். அவரும் களைத்துப்போயிருந்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அக்காவின் பின்னாலேயே வாய்க்கால்வரை போனேன். கதையின் முடிவில் சோம்பல் கூடாது என்று அச்சடித்துக் கிடக்கிறதே, அது எப்படிப் பிழையாகும் என்று விடாமல் கேட்டேன்.

அக்கா குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றினாள். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"சரியடி, உன்ர மாடு சோம்பல் மாடுதான். வழியை விடு."

நான் வென்றுவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நாங்கள் மாட்டைப் பற்றித்தான் கதைத்தோம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன்.