அப்பா சிக்னல் வைத்த குளிர்காலம்

மோதி பாக் அரசுக் குடியிருப்பில் எங்கள் வீட்டுப் பெரிய கட்டிலில் யாரும் படுத்ததில்லை. அதன்மேல் பிளைவுட் பலகை போட்டு, தண்டவாளம் பதித்து, அப்பா பொம்மை ரயில் விட்டிருந்தார். ஒரே வட்டப் பாதை, இரண்டு வண்டிகள். பின்னால் வருவது முன்னால் போவதை முட்டப்போகும் சமயம் பார்த்து அப்பா ஸ்விட்சைத் தட்டி நிறுத்துவார். நான் வீடே அதிரக் கத்துவேன். புதுப் பெட்டி ஏதாவது வந்தால் அம்மா, "ரயிலுக்குக் கட்டிலக் குடுத்துட்டுத் தரையில படுக்கற குடும்பம் நாமதான்" என்பாள்.

எனக்கு ஒன்பது வயதான குளிர்காலத்தில் அப்பா ஆபீஸ் போவதை நிறுத்திவிட்டார். உடம்பு சரியில்லை என்றார்கள். பங்குனி வரைகூட அவர் இருக்கமாட்டார் என்பது என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கோ கொண்டாட்டம். நாள் முழுக்க அப்பா வீட்டில் இருக்கிறாரே! திருநெல்வேலியிலிருந்து அத்தை வேறு வந்து இறங்கினாள். வருந்தி வருந்தி அழைத்தபோதெல்லாம் வராதவள், தில்லிக் குளிரைத் திட்டிக்கொண்டே ரசம் வைத்தாள். ஏன் வந்தாள் என்று நான் யோசிக்கவில்லை; ரசம் நன்றாக இருந்தது.

அம்மா செய்ததுதான் பெரிய அதிசயம். அவளே மெட்ரோ ஏறிப் பழைய தில்லிக்குப் போய், அப்பா கேட்ட சிவப்பு, பச்சை விளக்குகளையும் ஒயரையும் வாங்கி வந்தாள். கூடவே இரண்டு நீல ரயில் பெட்டிகள். ஒருவழியாக அம்மாவுக்குப் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

கட்டிலோரம் நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு அப்பா சிக்னல் கம்பங்களை நட்டார். "ஏட்டி, அப்பாவக் கொஞ்சம் படுக்க விடு" என்று அத்தை என்னைத்தான் அதட்டுவாள். நானா எழுப்பினேன்? அவர்தான் படுத்த சூட்டோடு எழுந்து ஸ்க்ரூ டிரைவர் கேட்பார். எனக்கு வேண்டியதெல்லாம் புதுப் பெட்டிகள். தில்லியில் பிறந்தவள் என்பதால் என் வாயில் அவை 'டிப்பா'. "சிக்னல் போர்ப்பா. ஜல்தி டிப்பாவ மாட்டுங்க" என்று நச்சரித்தேன்.

ஒரு மத்தியானம் வேலை முடிந்தது. நீலப் பெட்டிகளை மாட்டி, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, அப்பா இரண்டு கைகளையும் சால்வைக்குள் வைத்துக்கொண்டார். வண்டிகள் ஓடின. பின்வண்டி நெருங்கியதும் சிவப்பு எரிந்தது. அது தானாக நின்றது. முன்வண்டி விலகியதும் பச்சை வர, தானாகக் கிளம்பியது. அத்தை "அட!" என்றாள். அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீங்கதான் நிறுத்தணும். நீங்க இருக்கும்போது இது எதுக்கு?"

"நான் டீ குடிக்கப் போயிட்டா? ரெண்டும் முட்டிக்கும்ல?"

"அச்சா, குடிச்சிட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் ரெண்டையும் நிறுத்தி வெக்கிறேன்."

அப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "நிறுத்தாதம்மா, ஓட்டு" என்றார். அவருடைய முகவாய் என் தலையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்று எனக்கு ஆச்சரியம்தான்: ஒரு டீ குடிக்கப் போவதற்கா இந்த மனிதர் இப்படி அழுகிறார்!