மாமரத்தில் கட்டிய கயிறு

அம்மா ஏணியைத் தரையில் கிடத்தி அதன்மேல் உட்கார்ந்துகொண்ட காலையில், பழைய பங்களாக்கள் நிறைந்த ரிச்சர்ட்ஸ் டவுனே எங்களைப் பார்த்துச் சிரிப்பதாக எனக்குத் தோன்றியது. உண்மையில் பார்த்தவர்கள் வீட்டுக்காரர், ஒரு பால்காரர், எதிர்வீட்டுப் பெண்கள் இருவர். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது.

ஒரு பங்களாவின் கூரையில் உடைந்த மங்களூர் ஓடுகளை மழைக்காலத்துக்கு முன் மாற்றும் வேலை. சித்தப்பா கூரையில் ஏறுவார்; அம்மா ஓடுகளை எடுத்துக் கொடுப்பாள். அப்பா ஓசூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போயிருந்தார். பாசி படிந்த கூரை இரவுத் தூறலில் நனைந்திருந்தது. மேஸ்திரி எலுமிச்சம்பழம் அறுத்து, கற்பூரம் ஏற்றி, "ஏறுடா" என்றார். இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறக் கூடாது என்றாள் அம்மா.

"அதான் பூசை போட்டாச்சில்ல? அப்புறம் இன்னாத்துக்குக் கயிறு? பேஜார் பண்ணாதம்மா."

"சாமிக்கு ஆயிரம் வேலை மேஸ்திரி. கயித்துக்கு ஒரே வேலை."

சித்தப்பாவுக்கு இது மானப் பிரச்சினை. நாங்கள் குடியிருந்த அல்சூரில் கூரை வேலை செய்பவர்கள், கயிறு கட்டி ஏறியவனை அதன்பின் மாடு என்றுதான் கூப்பிடுவார்கள். "என்னை மாடு மாதிரி கட்றியா அண்ணி? அப்படியே புல்லும் போட்டுடு" என்றார்.

"நீ முழுசா எறங்கி வா தம்பி, பிரியாணியே போடறேன்."

வேறு ஆள் கூட்டி வருவதாக மேஸ்திரி மிரட்டினார். "கூட்டியாங்க. ஏணி எங்களுது" என்று அம்மா அதன்மேல் இன்னும் வசதியாக உட்கார்ந்துகொண்டாள். அதோடு விடவில்லை. விழுந்தால் எதில் வைத்துத் தூக்குவது, ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா வண்டிக்கு யார் ஓடுவது என்று உரக்கக் கேட்டாள். கற்பூரம் அணைவதற்குள் இப்படி ஒரு பேச்சா என்று மேஸ்திரி காதைப் பொத்திக்கொண்டார். சண்டை ஓய்ந்தால் போதும் என்று வீட்டுக்காரர் ஆளைத் தூக்கப் பழைய கதவொன்றைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து, ஜட்காவுக்குத் தானே போவதாகச் சொன்னார்.

வேறு வழியின்றி மேஸ்திரியும் சித்தப்பாவும் ஒப்புக்கொள்ள, ஏணி நிமிர்ந்தது. சித்தப்பா அதில் நின்றபடியே, கைக்கு எட்டிய புகைபோக்கியில் கயிற்றைக் கட்டினார். அந்த பங்களாக்களில் கயிறு கட்ட நேர்ந்தால் எல்லோரும் அதில்தான் கட்டுவார்கள். அம்மா அவரை இறங்கச் சொல்லித் தான் ஏறினாள். புகைபோக்கியின் செங்கல் ஒன்றைப் பிடித்து ஆட்டினாள். சுண்ணாம்பு உதிர, கல் கையோடு வந்தது. அதைத் தோட்டத்தில் வீசினாள்.

அம்மா இறங்கியதும் சித்தப்பா ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். கயிறு கூரை முகட்டைத் தாண்டி வீசப்பட்டு, மறுபுறம் மாமரத்தின் அடியில் கட்டப்பட்டது.

அன்று முழுக்க நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பாவின் கால் கொஞ்சம், ஒரு ஓடு அளவுக்காவது, வழுக்கினால் அம்மா ஜெயித்துவிடுவாள். அவர் வழுக்கவேயில்லை. கயிறு ஒருமுறைகூட விறைக்கவில்லை.

சாயங்காலம் இறங்கியவர் அதை அவிழ்த்து அம்மாவின் காலடியில் போட்டார். "பாத்தியா அண்ணி? ஒண்ணும் ஆவல."

"ஆவல" என்றாள் அம்மா, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "நாளைக்கும் ஒண்ணும் ஆவக் கூடாது. காலைல வந்ததும் கட்டிக்கோ."

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். எல்லார் முன்னாலும் அம்மா தோற்றுப்போனாள் என்று எனக்கு அழுகை வந்தது. வீடு திரும்பும் வழியில் தலைகுனிந்து நடந்தேன். அம்மாவோ சுருட்டிய கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி முன்னால் போனாள். தோற்றவளுக்கு இவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவேயில்லை.