ஒரு புர்காவுக்கு நாலு அளவு

வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் சகோதரிகளே, துணியை வெட்டுவது சுலபம். துணியோடு வந்து உட்காரும் ஆட்களைச் சமாளிப்பதில்தான் இடுப்பு ஒடிகிறது.

மாமியார் சொன்னது

பாலக்கரையில் எங்கள் தெருக்கோடி வீட்டு மருமகள் மும்தாஜுக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்தது. புர்கா போட்டால்தான் படிப்பு என்று வீட்டில் கண்டிப்பு. கறுப்புத் துணியோடு மாமியார் மட்டும் வந்தார். மும்தாஜுக்கு அளவெடுக்க வேண்டாமா என்றேன்.

“அவ எதுக்கும்மா? என் உசரம்தான். முகத்திரையை நல்லா அழுத்தித் தச்சுடுங்க, காத்துல தூக்கக் கூடாது.”

புருஷன் சொன்னது

கான்வென்ட் டிரெயினிங் ஸ்கூல் திறந்த மறுநாளே அவள் புருஷன் புர்காப் பொட்டலத்தோடு நின்றார். முகம் தெரியாமல் வகுப்பில் உட்காரக் கூடாது, மீறினால் பெயரை எடுத்துவிடுவோம் என்று தலைமை சிஸ்டர் சொல்லிவிட்டாராம். நானும் கான்வென்டில் படித்தவள்தான். முக்காடு போடாத சிஸ்டரை ஒரு நாளும் பார்த்ததில்லை. அது கிடக்கட்டும், என்ன செய்யட்டும் என்றேன்.

“அம்மா பார்த்தா தச்ச மாதிரி இருக்கணும், சிஸ்டர் பார்த்தா கழட்டின மாதிரி இருக்கணும். நீங்களே பார்த்துச் செய்ங்க அக்கா.”

நான் செய்தது

பெரிய சீர்திருத்தவாதி மாதிரி முகத்திரையை அடியோடு வெட்டி எடுத்தேன். வாங்க வந்தது மும்தாஜ். “போம்மா, இனிமே நிம்மதியா மூச்சு விடு” என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

“சத்திரம் பஸ் ஸ்டாண்டுல முறைச்சுப் பார்க்கறவங்க நடுவுல எனக்கு அது வேணும்க்கா. கிளாஸ்ல வேண்டாம். ஜாக்கெட்டுக்குக் கழுத்து எவ்வளவு இறக்கம்னு ஆயிரம் தடவை கேப்பீங்களே, இதுக்கு மட்டும் ஏன் கேக்கல?”

வெட்டிய திரைக்கு ஓரம் மடித்து, மாட்டவும் கழற்றவும் வசதியாக நாலு டிச் பட்டன் வைத்துக் கொடுத்தேன்.

மும்தாஜ் சொன்னது

ஒரு வாரம் கழித்து மாமியார் புர்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார், பின்னாலேயே மும்தாஜ். நினைத்தால் கழற்றுவதற்குப் பட்டனா, நாளையிலிருந்து படிப்பே கிடையாது என்று என் வாசலில் நின்று கத்தினார். நான் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மும்தாஜ் குரலை உயர்த்தவில்லை.

“படிப்பை நிறுத்தினா புர்காவும் போட மாட்டேன் மாமி. ரெண்டும் எனக்கு வேணும். ஆனா என் இஷ்டமாத்தான் வேணும்.”

படிப்பு நிற்கவில்லை, மாமியார் என்னோடு பேசுவதுதான் நின்றது. முதல் நாளே மும்தாஜைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் ஒரு நூல்கண்டாவது மிஞ்சியிருக்கும்.