பெரியக்கா கட்டிவிட்ட தலைப்பா

புதுப் பட்டுச் சால்வையின் மொடமொடப்பு நெற்றியில் உரசியது இன்றைக்கும் நினைவிருக்கிறது...

பருத்தித்துறையில் எங்கள் வீட்டு விறாந்தை. என் கல்யாண நாள் காலை. மாமா எனக்குத் தலைப்பா கட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவையும் அது நழுவி என் மூக்கில் விழுந்தது. பொம்பிளை வீட்டுக்குக் கொழும்புத்துறை வரை போகவேண்டும். நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

பெரியக்கா சமையல் நடந்த குசினி வாசலில் நின்றா. விறாந்தைக்கு வரவில்லை.

கடலுக்குப் போன அத்தான் திரும்பி வராத பிறகு, கருவாடு காயப்போட்டு அம்மாவையும் பார்த்து என்னையும் வளர்த்தவ அவதான். வெயிலுக்குப் பழைய சாரத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டுவா. எந்தக் கடற்காற்றிலும் அது அவிழ்ந்ததில்லை.

நான் சால்வையைக் கழற்றி நீட்டினேன்.

"அக்கா, நீங்கள் வந்து கட்டுங்கோ."



"உதென்ன கதை? நல்ல காரியத்திலை அவள் தொடலாமோ?" மாமாவின் குரல் உயர்ந்தது.

"பத்து வருசமா அந்தக் கையாலைதானே மாமா சாப்பிட்டனான். அப்ப ஒருத்தரும் கூடாது எண்டு சொல்லேல்லையே?"

"வேண்டாமடா தம்பி... சனம் கதைக்கும்" என்றா அக்கா.

"கதைக்கட்டும். நீங்கள் கட்டாட்டி நான் கதிரையை விட்டு எழும்பமாட்டன்."

கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எழும்பவில்லை.

அம்மா போய் அக்காவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தா.

அக்காவின் விரல்களில் மீன்முள் கீறிய தழும்புகள். நாலே சுற்று... ஒரு இழுவை.

"நோகுதோ?"

"இல்லை அக்கா."

நன்றாகவே நொந்தது. கண்ணாடியைப் பார்க்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாமா கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிடாமல் போனார். பிறகு இரண்டு வருசம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மணவறையில் என் மனைவி மெதுவாகக் கேட்டது ஒன்றுதான்.

"தலைப்பா வடிவாக் கிடக்கு. ஆர் கட்டினது?"

"பெரியக்கா."

"அதுதானே பாத்தன்" என்று சிரித்தா.

இப்போது தலைப்பா ரெடிமேட்டாக வாடகைக்கு வருகிறது. வடஇந்திய மாதிரி, இறகு வைத்தது, கல் பதித்தது... ஹெல்மெட் போலத் தூக்கி வைத்தால் சரி. அவிழ்கிற பயமே இல்லை. ஆனால் போன மாதம் போன கல்யாணத்திலும் மாப்பிள்ளையின் தாய் தூணுக்குப் பின்னால்தான் நின்றா. அவவும் புருஷனை இழந்தவ.

வாற ஆவணியில் என் மகனுக்குக் கல்யாணம். இந்த முறையும் சண்டை பிடிக்க வேண்டிவந்தால் பிடிப்பது என்ற முடிவோடுதான் நேற்று அவனுடைய மாமியான பெரியக்காவைப் பற்றி அவனிடம் கதையைத் தொடங்கினேன்.

போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

"மாமிதான் தலைப்பா வைச்சுவிடுவா எண்டு நான் அண்டைக்கே எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், அப்பா. விருப்பமில்லாத ஆக்கள் வரத் தேவையில்லை."