கிளப்பை வாங்க வந்தவர்கள்

எங்கள் கிளப்பை யாரோ வாங்கப் போகிறார்கள் என்ற பேச்சு அந்த வருட மழையோடு தொடங்கியது. மழை விட்ட பிறகும் பேச்சு விடவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஆற்றை ஒட்டின மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கால்பந்து விளையாடுகிற சின்னக் கிளப் அது. தகரக் கூரை போட்ட ஓர் அறை, வெளுத்துப்போன மெரூன் ஜேர்சி, ஆற்றில் விழுந்தால் யாராவது இறங்கி எடுத்துவர வேண்டிய பந்து, சொத்து அவ்வளவுதான். இதை எதற்கு ஒருவன் வாங்க வேண்டும் என்று நாங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. யார் வாங்குவான் என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

செய்தியைக் கொண்டுவந்தவர் மடவளையில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் பெரியவர்; நாங்கள் நானா என்போம். மைதான ஓரத்து அரை மதிலில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். "துபாய்ல ஈந்து வந்த ஆளாம். நான் செல்றதக் கேளுங்க, மொதல் வேலையா பேர மாத்துவானாம். பொறகு ஜேர்சியையும் மஞ்சளாக்குவானாம்."

என் மறுபக்கம் உட்காருகிற பிலிமத்தலாவை டிரைவர் அண்ணன், பஸ் ஓட்டி ஓய்ந்தவர், உடனே பிடித்துக்கொண்டார். "மஞ்சளா? ஒங்க கடையில மஞ்சத் துணிதானே நானா விக்காம கெடக்கு? நீங்களே சொல்லிக் குடுத்துட்டு வந்திருப்பீங்க."

சிரிப்போம். ஆனால் சிரித்து முடிந்ததும் எல்லாருக்கும் ஒரே பயம்தான் வரும். வாங்குகிறவன் முதலில் எங்கள் கோல்கீப்பரைத்தான் கொழும்புக்குக் கொண்டுபோவான். அவனை விட்டால் அந்தக் கிளப்பில் கொண்டுபோகிற மாதிரி வேறு எவனும் இல்லை.

அந்தக் கோல்கீப்பர் என் மனைவியின் தம்பி. டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. முப்பது தாண்டியும் கல்யாணம் அமையவில்லை. இரண்டு சம்பந்தம் வந்து, பந்தும் மைதானமும் என்று திரிகிறவன் என்று சொல்லித் தட்டிப்போனது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, எங்கள் வீட்டில்தான் இருந்தான். அவனுக்கு ஒரு குடும்பம் ஆக வேண்டும் என்று என் மனைவி செபமாலை சொல்லாத இரவில்லை. நானும் வேண்டினேன். கோயிலில் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தும்போது, மச்சினனுக்குக் கல்யாணம் நடக்க வேண்டும், கிளப் எங்களை விட்டுப் போகக்கூடாது என்று இரண்டையும் ஒரே திரியில் வைத்து வேண்டினேன்.

அந்த நேரம்தான் தரகர் கலஹாவில் ஒரு பெண்ணைச் சொன்னார். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற பிள்ளை, எங்கள் வேதம்தான். "பொண்ணு வீட்டுக்காரங்க விசாரிக்க வருவாங்க" என்றார். எங்கள் ஆட்களிடம் அது வழக்கம். யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது. சும்மா வந்தவர்போல வந்து அங்கே இங்கே கேட்டுவிட்டுப் போவார்கள். கோயிலில் கேட்பார்கள், வேலைத்தலத்தில் கேட்பார்கள், தெருமுனைக் கடையில் கேட்பார்கள். ஆகவே என் மனைவி அந்த மூன்று இடத்திலும் சொல்லிவைத்திருந்தாள். மைதானத்தில் சொல்லிவைக்க அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிறு கோயிலில் சபைக் கூட்டம் இருந்ததால் நான் மைதானத்துக்குப் பிந்தித்தான் போனேன். இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தது. நானாவின் முகத்தில் பெருநாள் மாதிரி ஒரு வெளிச்சம்.

"வந்தாங்க!" என்றார். "ரெண்டு பேர். நல்லா அயர்ன் பண்ணின சேட்டு, சேறு படாத சப்பாத்து. கோல் அடிச்சதுக்குக் கூட கை தட்டல்ல. ஒங்கட மச்சினன மட்டுமே பாத்துட்டு ஈந்தாங்க."

இடைவேளையில் அந்த இருவரும் தேத்தண்ணி குடிக்க வந்து, கோல்கீப்பர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டார்களாம். கிளப்பை வாங்க வந்தவர்கள் அவனை விலை பார்க்கிறார்கள் என்று இவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

"நாங்க விடுவோமா?" என்றார் டிரைவர் அண்ணன். "முட்டி போயிருச்சுன்னேன். பொழுது சாஞ்சா கண்ணும் சரியாத் தெரியாதுன்னேன்."

"கோவக்காரன், யார்ட பேச்சும் கேக்கமாட்டான் எண்டு நான் சென்னேன்" என்றார் நானா. "குடிப்பானா எண்டும் கேட்டாங்க. குடிக்காத நாள் ஈக்கா எண்டு இவர் திருப்பிக் கேட்டார். மூஞ்சி கறுத்துப் போய் எழும்பிட்டாங்க. கவலப்படாதீங்க, இனி கொழும்பும் வேணாம் ஒண்டும் வேணாம்."

நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். மாதா என் வேண்டுதலைக் கேட்டுவிட்டாள் என்றுகூட நினைத்தேன்.

இரண்டொரு நாளில் தரகர் போன் எடுத்தார். பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். முட்டி, கண், கோபம், குடி என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மைதானத்தில் கேட்ட அதே வரிசை என் காதில் ஓடியது. நடந்ததைச் சொன்னதும் மனைவி அடுப்படிக்குள் போய் அழுதாள். மச்சினன் வாசலில் கையுறையைக் கழுவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டான்.

"கண்ணு தெரியாதுன்னுமா சொன்னாங்க, மச்சான்?"

அவனுக்கு அதுதான் வலித்தது. சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

மறுநாள் நானாவிடமும் டிரைவர் அண்ணனிடமும் போய்ச் சொன்னேன். நானா தலையில் கை வைத்துக்கொண்டார். "அல்லாஹ்வே! நம்ம பிள்ளட வாழ்க்கயில மண்ண அள்ளிப் போட்டுட்டமே." பிறகு அவரே எழுந்தார். "எழும்புங்க, போவம். சென்ன வாய்தானே போய் மாத்திச் செல்லணும்."

மூன்று பேரும் பேராதனைக்குப் போய் கலஹா பஸ் ஏறினோம். வழி முழுக்கத் தேயிலை மலை. நான் மனதுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டு போனேன். சொல்லும்போதே ஒன்று உறுத்தியது. அவன் எங்களோடு இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் அவனை இவர்கள் இவ்வளவு கீழாகப் பேசினார்கள். ஆசை இப்படியும் வேலை செய்யுமா? நம்மை விட்டு ஒருவன் போய்விடக்கூடாது என்பதற்காக அவனைக் குறைத்துச் சொல்வது வீடுகளிலும் நடக்கிறதுதானே? பிள்ளைகளுக்கும் செய்கிறோம். அதைப் பாசம் என்றே நினைத்துக்கொள்கிறோம்.

பெண்ணின் தகப்பன் எங்களை உட்காரச் சொன்னார். மைதானத்துக்கு வந்த இருவரில் ஒருவர் அவர்தான், மற்றவர் அவருடைய மைத்துனர். நானா முழுக்கதையும் சொன்னார், துபாய்க்காரன் உட்பட. டிரைவர் அண்ணன் இடையிடையே "ஆமாங்கய்யா" போட்டார்.

தகப்பன் முகம் இளகவில்லை. "அன்னிக்கு ஒன்னு சொன்னீங்க, இன்னிக்கு ஒன்னு சொல்றீங்க. எதை நம்புறதுங்க நான்? இன்னிக்குத்தான் பொய் சொல்றீங்கன்னு ஏன் நெனைக்கக் கூடாது?"

அப்போது உள் அறைத் திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பிள்ளையின் குரல் வந்தது. "அப்பா, மாப்பிள்ளையோட அக்கா வீட்டுக்காரர் வந்திருக்காருல்ல, அவரைக் கேளுங்க. மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவாரா, இல்ல நேரா கிரவுண்டுக்கா?"

கேட்டது பூசையைப் பற்றி. அதில் கூட்டிச் சொல்ல எனக்கு நாக்கு வராது. "காலைப் பூசைக்கு வருவான்மா" என்றேன். "பிரசங்கத்துல தூங்கிருவான். நான் இடிச்சு எழுப்புவேன். குடிக்க மாட்டான். கோவம் வரும், ஆனா ஒரு மணி நேரம் தாங்காது. கண்ணு நல்லாத் தெரியும்."

உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு அடங்கியது. தகப்பன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடுத்த ஞாயிறு வாறோம்" என்றார். "நாங்களே பாத்துக்கிறோம். யாரும் ஒன்னும் சொல்ல வேணாம்."

அந்த ஞாயிறு எங்கள் அரை மதில் செத்த வீடு மாதிரி இருந்தது. வாய் திறந்தால் எதுவாவது தப்பாகிவிடும் என்று ஒருவரும் மூச்சு விடவில்லை. நானா சட்டைப்பையிலிருந்த கைலேஞ்சியை மடித்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பாவம் மச்சினன், முதல் பாதியிலேயே லேசான ஒரு பந்தைக் காலுக்கிடையில் விட்டுவிட்டான். டிரைவர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். கிளப்பைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் வேண்டவில்லை.

இரண்டாம் பாதியில் ஒரு கோணர்ப் பந்து வந்தது. பிடிக்க எழும்பியவனை எதிர்ப்பக்கத்து ஆள் தோளால் இடித்துத் தள்ள, அவன் கம்பத்தில் போய் விழுந்தான். நடுவர் விசில் ஊதவில்லை.

"ஏங்க ரெஃப்ரி! எங்க புள்ளயத் தள்ளி விட்டுட்டான், பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?"

குரல் வந்த பக்கம் திரும்பினோம். அயர்ன் பண்ணின சேட்டோடு, சேற்றில் சப்பாத்துப் புதைய, கோட்டுக்கு உள்ளேயே வந்து நின்றார் பெண்ணின் தகப்பன். மைத்துனர் அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நானா என் முழங்கையை நெரித்தார். எங்கள் மதில் மொத்தமும் எழுந்து, அதுவரை அடக்கிவைத்த சத்தத்தையெல்லாம் சேர்த்துக் கத்தியது.

பந்தயம் தோல்விதான். அந்தத் துபாய்க்காரனும் இன்றுவரை வரவில்லை.