மீட்டரிலிருந்து அறுநூறு மில்லிமீட்டர்

இங்கிலாந்தின் ஆக்ரிங்டன் ஊரில் நார்மன் என்ட்விசிலைப் பிடிக்காதவர்கள்கூட அவன் வேலையைக் குறை சொல்ல மாட்டார்கள். முப்பது வருடமாக எலெக்ட்ரீஷியன். சுவிட்சுத் தகட்டின் திருகாணிகளைக்கூட ஒரே திசை பார்த்து நிற்க வைப்பான். வயரிங்கை முடித்துச் சான்றிதழில் அவன் கையெழுத்துப் போட்டால், அந்த வீட்டில் பச்சைக் குழந்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போகலாம். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம். கொஞ்சமா? மண்டை நிறைய.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அக்கா பெரில். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவள் வீட்டில்தான். சுட்ட மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, மேலே ஊற்றக் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு. உலகத்தில் அவனுக்கென்று போட்டு வைத்திருந்த ஒரே நாற்காலி அந்த மேஜையில் இருந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருடம் அக்கா வீட்டுப் பழைய வயரிங்கை உருவிவிட்டுப் புதிதாகப் போட்டான். எல்லாம் நல்லபடியாகப் போயிற்று, கேஸ் குழாய்க்கு வரும்வரை. கேஸ் குழாயை எர்த்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் எங்காவது மின்சாரம் கசிந்த அன்று அந்தக் குழாயைத் தொட்டவர் கதை முடிந்தது; பொறி தெறித்தால் வீடும் போகும். பச்சையும் மஞ்சளுமான தடிக் கம்பியை, கேஸ் மீட்டரைத் தாண்டி அறுநூறு மில்லிமீட்டருக்குள், அதாவது இரண்டடிக்குள், பட்டை போட்டு இறுக்க வேண்டும் என்பது விதி. மீட்டர் வாசலோரம் மாடிப்படிக்குக் கீழே. ஃபியூஸ் பெட்டியோ பின்னால் சமையலறையில். நடுவில் நடைபாதை, அதில் போன மாதம்தான் பெரில் ஆசை ஆசையாகப் போட்ட மரத்தரை.

"பலகையைக் கிளப்பணும்க்கா. இல்லன்னா கம்பிய சுவத்தோரமா வெளியில ஓட்டணும்."

"ரெண்டும் நடக்காது. என் தரையில கை வச்சே, கையை ஒடிச்சிருவேன். சமையக்கட்டுல பாய்லருக்குப் போறதும் அதே குழாய்தானே? அங்க கட்டிட்டுப் போயேன்டா."

"நாளைக்கு எவனாவது நடுவுல குழாய அறுத்தா, நீ கட்டின இடம் ஒரு பக்கம், மீட்டர் ஒரு பக்கம்னு போயிரும்."

"எவன்டா வந்து அறுக்கப் போறான்? என்னைவிட உனக்கு அந்த விதிப் புஸ்தகம் பெரிசாப் போச்சா?"

"கையெழுத்து என்னுது. நீ யாரா இருந்தாலும் இதேதான்."

நீ யாரா இருந்தாலும். அந்த வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை. அடுத்த வாரம், நார்மனோடு முன்பு கூட்டு வேலை பார்த்த டிரெவர் வந்தான். பாய்லர் பக்கத்தில் பட்டையைப் போட்டு, பத்து நிமிடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நார்மன் போனபோது, இறைச்சி அறுத்துக்கொண்டிருந்த அக்கா புருஷன் கிளிஃபர்ட் கத்தியைத் தூக்கி வரவேற்றான்.

"வாங்க அறுநூறு! உசுரோடதான் இருக்கோம், மன்னிச்சுக்குங்க."

பெரில் வாய்விட்டுச் சிரித்தாள். நார்மன் சாப்பிட்டான், எழுந்தான், அடுத்த ஞாயிறு போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை. இரண்டும் ஒரே கொடியில் காய்த்த பாகற்காய்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை வரும், அதில் பெயர் மட்டும் இருக்கும். அறுநூறு என்ற பட்டப்பெயர் மதுக்கடைவரை போய் ஒட்டிக்கொண்டது.

வேலைக்குப் போகும் வழியில் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவான். பாய்லர் புகைக்குழாயில் ஆவி வரும். வீடு அப்படியே நிற்கும். அக்காமேல் உள்ள அக்கறையில்தான் வந்தோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். ஒன்பது வருடம் இப்படிச் சொல்லிக்கொண்டான்.

ஒரு நவம்பர் காலை, மின்சாதனக் கடையில் கம்பிச் சுருளுக்காகக் காத்திருந்தான். கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"அறுநூறு, உங்க அக்கா தெருவுல கேஸ் வெடிச்சு ஒரு வீடு போயிருச்சாமே, கேள்விப்பட்டியா?"

எந்த வீடு என்று அவன் கேட்கவில்லை, அக்கா வீடுதான் என்று முடிவு கட்டிவிட்டான். மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்த நொடியில் நார்மன் நெஞ்சில் துள்ளியது சந்தோஷம். "நான் அப்பவே சொன்னேன்" என்ற வாக்கியம் நாக்கில் முழுசாக உருண்டது. அதற்குப் பிறகுதான், அந்த வீட்டுக்குள் அக்கா இருப்பாள் என்பது நினைவுக்கு வந்தது.

வண்டியை விரட்டினான். வெடித்தது தெருக்கோடியில் ஆளில்லாத ஒரு வீடு. பழைய கேஸ் அடுப்பில் கசிவு என்று பேசிக்கொண்டார்கள். எதிர்ப்புறம் வீட்டுச் செருப்போடு, யாருடையதோ ஒரு மேலங்கியைப் போர்த்திக்கொண்டு பெரில் நின்றிருந்தாள். கையில் தேநீர்க் கோப்பை. தலை முழுக்க வெளுத்திருந்தது. அவன் மூச்சிரைக்க முன்னால் வந்து நின்றதும் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்த முகத்தைக் கழுவித் துடைத்து வளர்த்தவள்.

"எங்க வீடு இல்லடா நார்மன்," என்றாள். "ஏமாந்துட்டியா?"

"அக்கா, நான்..."

அவன் பார்வை அப்படியே நின்ற அவள் வீட்டுக்கு ஓடியது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். பிறகு கோப்பையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.