குங்குமம் வைத்த பென்டிரைவோடு வில்லியனூர் பட்டறைக்கு

ஊடகம், தொழில்நுட்பத் துறைகளில் வேலை தேடும் பெண்களுக்கு வில்லியனூரில் ஒருநாள் பட்டறை என்று வாட்ஸ்அப்பில் வந்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். போன மாதம், ஒரு சனிக்கிழமை. கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடும் உண்டு. நான் போனது அதற்காக இல்லை. செய்தித் தளம் ஒன்றின் ஆசிரியர் நம் வீடியோவைப் பார்த்து, பிடித்தால் வேலை தருவார். ஏழு வருடமாகக் கணவரின் ஸ்டுடியோவில் கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுகிற எனக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்ததே இல்லை.

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் பத்து ரூபாய். எட்டரைக்கு ஏறினேன். ரயில்வே கேட்டில் கால் மணி நேரம் நின்றுவிட்டது. நல்லவேளை, மண்டபம் பஸ் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடைதான். சம்பளம் பேசுவது எப்படி என்ற வகுப்பைத் தவற விடாதீர்கள், உருப்படியானது.

பன்னிரண்டு மணிக்கு ஆசிரியரிடம் வீடியோ காட்ட என் முறை. பதினொன்றே முக்காலுக்கு மோனிஷா கூப்பிட்டாள். நாங்கள் வீடியோ எடுத்த கல்யாணப் பெண், அபிஷேகப்பாக்கத்துக்காரி. அன்று அவள் அம்மா வீட்டில் மறுவீட்டு விருந்து. மாப்பிள்ளை வீட்டார் பார்க்கட்டும் என்று காலையில்தான் என் கணவர் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"அக்கா, இன்னாக்கா இது? தாலி கட்றதே வரல. டிவில நாத்து நட்றவங்க பேசினு இருக்காங்க!"

தூக்கிவாரிப் போட்டது. கல்யாண பென்டிரைவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் கொடுப்போம். நல்லபடியாக நடக்கட்டும் என்று பட்டறைக்கான என் பென்டிரைவுக்கும் ஒரு பொட்டு வைத்துத் தொலைத்திருந்தேன். மாறிவிட்டது! என் பையில் மோனிஷாவின் கல்யாணம். அங்கே டிவியில், வயலெல்லாம் மனையானதால் வேலை போன பெண்களைப் பற்றி நான் எடுத்த நாலு நிமிட வீடியோ. இன்னொரு நகல் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இருந்தது, ஸ்டுடியோவோ பூட்டியிருந்தது.

கொடுமை என்னவென்றால், மோனிஷாவின் மாமனார் மனை வியாபாரி. அவருடைய லேஅவுட் போர்டு அதில் பளிச்சென்று தெரியும்.

"அத மொபைல்ல சொருவி எனக்கு அனுப்புடி. என் வேலையே அதுலதான் இருக்குது."

"மாமா கத்தினு இருக்காருக்கா. இரு, மாடிக்குப் போறேன், அங்கதான் டவர் கிடைக்கும்."

செய்தி ஆசிரியர் ஒரு பெண்மணி. வீடியோ எங்கே என்றார். ரெண்டு நிமிஷம் மேடம் என்றேன். கைப்பேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த பெண் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

முழுதும் பார்த்தார். "உங்க ஊர்லயே எதிர்ப்பு வந்தா என்ன பண்ணுவீங்க?"

கைப்பேசியைக் காட்டினேன். கணவரிடமிருந்து ஒன்பது தவறிய அழைப்புகள். "வந்துக்கினே இருக்குது மேடம்."

சிரித்துவிட்டார். திங்கட்கிழமை புதுச்சேரி அலுவலகத்துக்கு வரச் சொன்னார். முதலில் இந்த வீடியோதான் வெளிவரும் என்றார்.

சந்தோஷப்படவா முடிந்தது? ஆட்டோ பிடித்து அபிஷேகப்பாக்கம் ஓடினேன், இருநூற்றைம்பது ரூபாய். கணவர் எனக்கு முன்பே அங்கே கைகட்டி நின்றிருந்தார். கல்யாண பென்டிரைவைக் கொடுத்தேன். மோனிஷாவின் மாமனார் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"போர்ட மட்டும் மறைச்சிடும்மா. உங்க ஸ்டுடியோவுக்கு நாலு கல்யாணம் நான் புடிச்சித் தர்றேன்."

கணவர் என்னையே பார்த்தார்.

"முடியாதுங்க."

மாமனார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இப்படிப் பட்டறைகளுக்குப் போகிறவர்களே, வீடியோவைப் பென்டிரைவில் மட்டும் நம்பி வைக்காதீர்கள், மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். பொட்டு தாராளமாக வையுங்கள், பெயரும் எழுதி ஒட்டுங்கள். கைப்பேசியில் முழு சார்ஜ் இருக்கட்டும்.

கணவரின் பைக்கில் திரும்பினோம். கரிக்கலாம்பாக்கம் வரும்போதுதான், "நாலு கல்யாணம்டி" என்றார்.

"தெரியுங்க."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"திங்கக்கிழம எத்தினி மணிக்குப் போவணும்? நானே வுட்டுட்டு வரேன்."